பால் பிழை

"யாரு சார் அந்தத் தோழரு?"

ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரன் கையில் கடிதம் விரிந்திருந்தது. ஜெராம் சாலைத் தடுப்புக் கட்டையருகே பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட நாற்பது பேரும் வேடிக்கை பார்த்தார்கள். மற்றவர்கள் பையை மேலாகத் தடவிவிட்டு விட்ட இந்தப் பாவி, சன்னாசியின் பையில் மட்டும் நேராக அடியில் கையை விட்டு அதை எடுத்துவிட்டான்.

ஏழு வாரமாகப் பைக்குள் அடைகாத்த கடிதம். 'தோழி' என்று எழுதத் தைரியமில்லாமல் 'தோழர்' என்று தொடங்கியிருந்தான். யாருக்குக் கொடுக்க வேண்டுமோ, அந்த வேலம்மா பத்தடி தள்ளிப் பெண்கள் சோதனை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் வெவ்வேறு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். சனிக்கிழமைதோறும் கோலசிலாங்கூரில் பயிற்சி வகுப்பு. தொழிலாளர் லயத்தில் அதைப் பெருமையாகக் 'காலேஜி' என்பார்கள். சன்னாசி, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளை. கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு வார்த்தையை எண்ணிப் பேசுகிறவன். வேலம்மா பால்மரம் வெட்டுகிறவர் மகள். அவள் சிரித்தால் பஸ் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அவள் விட்ட ஒற்றெழுத்துகளை இவன் தேடித் தேடித் திருத்தினான். இவனுக்குச் சைக்கிள் விடத் தெரியாது என்பதை அவள் வகுப்புக்கே சொல்லிச் சிரித்தாள். பிறகு அவளே கற்றுக்கொடுத்தாள். அவன் ரப்பர் மரத்தில் மோதி விழுந்த அன்று, ஆசை தீரச் சிரித்து முடித்துவிட்டு, தன் கைக்குட்டையால் அவன் முழங்காலைக் கட்டிவிட்டாள். அன்றைக்கு விழுந்தவன்தான், இன்னும் எழுந்தபாடில்லை.

நாளைக்கு ரவாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவளுக்குத் தட்டு மாற்ற வருகிறார்கள். இன்றைக்கும் கொடுக்காவிட்டால் கடிதத்தைக் கச்சான் கடலை மடிக்கத்தான் கொடுக்க வேண்டும்.

வீரன் மட்டும் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கியிருப்பான். இன்றைக்கென்று பார்த்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வேறு வந்து நிற்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'தோழர்'. காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகள் மரத்துக்கு மரம் ஒட்டுகிற காகிதங்களில் முதல் வார்த்தையே அதுதான்.

"கூடப் படிக்கிறவங்க" என்றான் சன்னாசி.

"பேரு?"

நாளைக்கு நிச்சயதார்த்தம் ஆகப்போகிற பெண். நாற்பது பேர் நடுவில் அவள் பேரை இழுப்பதா?

"பேரு... பேரு இல்ல."

"பேரில்லாத தோழராம் துவான்" என்று வீரன் துரையிடம் மலாயில் சொன்னான். மேலே படி என்று கையாட்டினார் துரை.

"'நீங்கள் இல்லாத ஆறு நாளும் எனக்குக் காடு.' என்னா சார் இது, வாரத்துல ஆறு நாளு காட்டுலயா இருக்கீங்க?"

"ஐயோ, அது உருவகம் வீரா!"

"உருவகம்னு இன்னொரு ஆளும் இருக்கானாம் துவான்."

துரையின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. சன்னாசி இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"வீரா, நல்லாக் கேளு. இது பாடம். பிள்ளைங்க திருத்தறதுக்காக வேணும்னே தப்பா எழுதினது."

"எங்க தப்பு?"

"அந்தத் தோழர்தான் தப்பு. பொம்பளைன்னா தோழின்னு வரணும். அது பால் பிழை."

சொல்லியிருக்கக் கூடாது. ஆண்பால் பெண்பாலெல்லாம் வீரன் கண்டதில்லை. அவன் கண்டதெல்லாம் டின் பால். ஒரு பிடி அரிசியோ ஒரு டின் பாலோ தோட்டத்தைத் தாண்டினால், காட்டுக்குத்தான் போகிறது என்று ஜெயிலில் தள்ளுகிற காலம் அது.

"பால் கடத்துறாராம் துவான்! தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டாரு!"

பை தலைகீழானது. இரண்டு நோட்டு, ஒரு சீப்பு, பின்னாலேயே கடகடவென்று உருண்டு வந்தது ஒரு பால் டின்.

"ஆ!" என்றது கூட்டம்.

"அதுல சாக்பீஸ்தான் இருக்கு! திறந்து பாருங்க!" என்று அலறினான் சன்னாசி. யார் கேட்டார்கள்? துரை போலீஸ் லோரியைக் கைகாட்டினார்.

"நிறுத்துங்க லா!"

வரிசையை உடைத்துக்கொண்டு வந்தாள் வேலம்மா. வீரன் கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கி, அங்கேயே நின்று முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். படித்து முடித்ததும் காது மடல் சிவந்துவிட்டது அவளுக்கு.

"துவான், இது காதல் கடிதம்" என்று மலாயில் போட்டு உடைத்தாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஆஆ!" என்றது கூட்டம், இந்தத் தடவை நீளமாக.

துரை டின்னைத் திறந்து சாக்பீஸைப் பார்த்தார், அதைவிட வெளுத்திருந்த சன்னாசியின் முகத்தையும் பார்த்தார். பிறகு மீசை குலுங்கச் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வேலம்மா கொண்டையில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தாள். 'தோழர்' என்பதை அடித்தாள். மேலே 'தோழி' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து அதையும் அடித்துவிட்டு, 'துணைவி' என்று எழுதி நீட்டினாள்.

"இந்தாங்க சார், இப்ப பிழை இல்ல."

சன்னாசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அப்ப... ரவாங்கு?"

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்குத் தட்டோட நீங்க வந்து நில்லுங்க, போதும்!" என்று சிரித்தபடி ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

சன்னாசிக்கு உலகத்தையே கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கைக்கு எட்டியவன் வீரன்தான், அவனையே கட்டிக்கொண்டான்.

"வீரா, உம்மேல எனக்குக் கோபமே இல்ல. நீ மட்டும் இன்னிக்கு அந்தப் பையில கைய விடலைன்னா, எனக்கு இந்த ஜென்மத்துல தைரியம் வந்திருக்காது!"

வீரன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"துரை வருவாருன்னு யாரு சார் கண்டா? 'சன்னாசி சார் பையோட அடியில ஏழு வாரமா எதையோ வச்சுக்கிட்டு முழிக்கிறாரு, நாளைக்குத் தட்டு மாத்துறதுக்குள்ள அத எப்படியாச்சும் வெளிய எடுத்துருங்கண்ணே'ன்னு வேலம்மா டீச்சர்தானே நேத்து எங்கிட்ட வந்து அழுவுச்சு!"