பன்னுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி?

இந்தக் கதையை நான் பல வருஷமாக நம்பவில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. கதையில் தோற்றுப்போகிற ஆளே அவர்தான். தான் தோற்றதைத் தானே சொல்லிச் சிரிக்கிறவர் எதற்குப் பொய் சொல்லப்போகிறார்? ஆனாலும் முப்பது வருஷம் மாடு வளர்த்த மனுஷனை ஒரு முயலைக் காட்டி எட்டு மாசம் ஏமாற்ற முடியுமா என்ற சந்தேகம் எனக்குப் போகவே இல்லை. குறை அவர் சொன்னதிலா, நான் கேட்டதிலா என்றுகூட யோசித்திருக்கிறேன். இருக்கட்டும். அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

பாகூர் அரங்கநாதனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மூன்று காணி நிலம். ஒரு பக்கம் கரும்பு, மறு பக்கம் நெல். நாற்று நட ஒரு மெஷின், அறுக்க ஒரு மெஷின், இரண்டையும் வரப்பில் நின்று அதட்ட ஒரு அரங்கநாதன். வீட்டிலிருந்து அந்த வரப்புக்கும் ஸ்கூட்டர். மாடுகளை விற்ற பிறகு அவருடைய கால்கள் செய்த ஒரே வேலை, ஸ்கூட்டர் ஸ்டாண்டைத் தள்ளுவது.

சர்க்கரை சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, “மூணு மாசச் சராசரி ஒன்பது புள்ளி நாலு. ஏழுக்குள்ள இருக்கணும்” என்றார். “தினமும் காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி நடங்க. மூணு மாசத்துல கொறையலன்னா ஊசிதான். நீங்களே வயித்துல போட்டுக்கணும்.”

ஊசி என்றதும் அரங்கநாதன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். தடுப்பூசி போட்ட அன்று நர்ஸின் கையையே பிடித்துக்கொண்டு விடாதவர் அவர். மனைவி செல்வகுமாரிதான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

அன்று இரவே மகத்தான ஒரு முடிவு எடுத்தார். நாளை முதல் நடை.

மறுநாள் காலை வெறுங்கையோடு தெருவில் இறங்கினார். பத்தாவது அடியில் தையலம்மாள் வாசலில் நின்றாள். “இன்னா, வண்டி பஞ்சரா?”

“இல்ல, சும்மா.”

“சும்மான்னா? குமாரிகூட சண்டையா?”

இருபதாவது அடியில் பாக்யராஜ் கேட்டான். “வண்டிய வித்துட்டீங்களாண்ணே?” முப்பதாவது அடியில் நடேசன் பைக்கை நிறுத்தினான். “ஏறுங்க மாமா. ஏறுங்கன்றேன். நான் இருக்கக்கொள்ள நீங்க நடந்து போவறதா?”

உண்மையைச் சொல்ல வழியில்லை. சர்க்கரை போடாத டீ குடிக்கிறான் என்று நடேசனை அவர் நான்கு வருஷமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். ஏறினார். நடேசன் டீக்கடையில் இறக்கினான். அங்கிருந்து நடந்து வந்தவரை அரிகரன் டிராக்டரில் ஏற்றி வீட்டு வாசலிலேயே விட்டான். அரை மணி நடைக்குப் போனவர் ஏழு நிமிஷத்தில் திரும்பினார். நடுவில் ஒரு பால்பன்னும் உள்ளே போயிருந்தது.

“இன்னாங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்றாள் செல்வகுமாரி.

“விவசாயி சும்மா நடக்கக் கூடாதுடி. ஊரு சிரிக்குது. கையில மம்முட்டி இருந்தா மரியாதை. வெறுங்கையோட நடந்தா பைத்தியம். இனிமே என்னை நடக்கச் சொல்லாத.”

“சரிங்க” என்றாள் அவள்.

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் செல்வகுமாரி ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அரங்கநாதன் ஜெயித்துவிட்டதாக நினைத்து இன்னொரு தோசை கேட்டார்.

அந்த வாரம்தான் மகள் அருள்மொழி சென்னையில் வேலைக்குச் சேரக் கிளம்பினாள். தன் முயலை அப்பாவிடம் ஒப்படைத்தாள். முயல் என்றால் கையில் அடங்குகிற முயல் இல்லை. ஒயிட் ஜெயண்ட் ஜாதி. ஐந்தரைக் கிலோ. உட்கார்ந்தால் குத்துச்சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். பெயர் பன்னு. டாக்டரம்மா சொன்ன பிறகு அந்த வீட்டில் அரங்கநாதனுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே பன்னு அதுதான்.

“அப்பா, எளைக்காம பாத்துக்கோ. வந்து தூக்கிப் பாப்பேன்” என்று சொல்லிவிட்டு மகள் பஸ் ஏறினாள்.

“ஏங்க, இதுக்கு எவ்ளோ தீனி போடணும்? கேட்டு வெச்சுக்கலியே” என்றாள் செல்வகுமாரி.

“யார்கிட்ட கேக்கற? மாடுன்னா பெரிய முயலு. முயலுன்னா சின்ன மாடு. கணக்கு ஒண்ணுதான்.”

மாட்டுக் கணக்குப்படி தவிடு, கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் கழனித்தண்ணி எல்லாம் பிசைந்து சோறு வடிக்கிற குண்டானில் வைத்தார். பன்னு மூக்கை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டது. “பாத்தியா, அனுபவம்” என்றார். மறுநாள் இன்னும் கொஞ்சம் வைத்தார். மூன்றாம் நாள் கேரட் நான்கு வைத்தார். நான்காம் நாள் பன்னு சாப்பிடவில்லை. புழுக்கையும் போடவில்லை. வயிறு உப்பி, காதைப் படுக்க வைத்து, மூலையில் சுருண்டு உட்கார்ந்துவிட்டது.

அரங்கநாதன் உள்ளே ஓடினார். “குமாரி, அருளு கேட்டா இன்னா சொல்றது?”

“அனுபவம்னு சொல்லுங்க” என்று சொல்லிக்கொண்டே அவள் முயலைக் கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, டவுன் பஸ் பிடித்தாள். அவரை வர வேண்டாம் என்றுவிட்டாள். “நீங்க வந்தா டாக்டருக்கே மாட்டுக் கணக்கு சொல்லிக் குடுப்பீங்க.”

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கால்நடை டாக்டர். மருந்து ஊற்றி, வயிற்றைத் தடவி, இரண்டு மணி நேரம் பார்த்து அனுப்பினார். பன்னு பிழைத்தது. செல்வகுமாரி சாயங்காலம் வந்து செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். அரங்கநாதன் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி எதிரே உட்கார்ந்தார்.

“தவுடு, புண்ணாக்கு கூடவே கூடாதாம். கடையில விக்கற முயல் தீவனம் ஒரு நாளைக்கு அரை டம்ளரு. கீரை ரெண்டு கைப்பிடி. கேரட்டு கட்டைவெரல் தண்டி, அதுவும் தினமும் இல்ல.”

“அவ்ளோதானா? அஞ்சரைக் கிலோ ஒடம்பு எப்படிடி தாங்கும்?”

“மீதி பூரா புல்லு. அது எவ்ளோ வேணா தின்னலாம். அது ஒடம்பு அளவுக்கு ஒரு குவியல் எப்பவும் முன்னால கெடக்கணுமாம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“மொத்தமா அறுத்தாந்து போட்டுடறேன்.”

“காலையில அறுத்தது சாயங்காலத்துக்கு ஆவாதாம்.”

“சரி, வண்டியில போயி ரெண்டு வேளை...”

“வண்டியில வெச்சா சூடு ஏறிடுமாம். பெட்ரோல் வாசனைக்குத் தொடாதாம். தோள்லயோ தலையிலயோதான் கொண்டாரணுமாம்.”

அரங்கநாதன் மோவாயைச் சொறிந்தார். “மாட்டுக்கு இப்படில்லாம் கெடையாதே.”

“அதான் மாட்டுக் கணக்கு பாத்து நாலு நாள்ல சாவடிக்கப் பாத்தீங்களே.”

அரங்கநாதன் மாட்டுக் கணக்கை அத்தோடு விட்டார்.

“நம்ம வரப்புலயே அறுத்துக்கறேன்.”

“மருந்து அடிச்ச எடம் ஆவாதுன்னாரு. மருந்து அடிக்காத எடம் எதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான் சொல்லணும்.”

கேள்வி என்று வந்தால் அரங்கநாதன் விடமாட்டார். கண்ணை மூடி ஊர் வரைபடத்தையே மனசில் விரித்தார். “இங்க எல்லாப் பயலும் மருந்து அடிக்கறான். ஏரிக்கு அந்தப் பக்கம் போனாதான் சுத்தமான அருகம்புல்லு.”

“அது தூரம் ஆச்சேங்க” என்றாள் செல்வகுமாரி, கவலையோடு.

“ரெண்டு கிலோமீட்டரு. ஒரு தூரமா அது? புள்ள உசுரு முக்கியம்.”

மறுநாள் முதல் அரங்கநாதன் கையில் கருக்கருவாளும் தோளில் துண்டுமாகத் தெருவில் இறங்கினார். தையலம்மாள் எதுவும் கேட்கவில்லை. பாக்யராஜ் வழி விட்டான். நடேசன் பைக்கை நிறுத்தினான்.

“ஏறுங்க மாமா.”

“இல்லப்பா, முயலுக்குப் புல்லு. வண்டியில ஏத்தக் கூடாது. டாக்டர் கண்டிஷனு.”

“போவும்போதாவது ஏறலாமில்ல?”

“எனக்கும் பெட்ரோல் வாசனை ஒட்டிக்கும்” என்றார் அரங்கநாதன். நடேசன் மரியாதையாகப் போய்விட்டான்.

ஒரு மாசத்தில் அருகம்புல் விஷயத்தில் அவர் அதாரிட்டி ஆகிவிட்டார். எந்தக் கரையில் இளசு, எது முற்றல் என்று டீக்கடையில் விளக்கினார். விளக்குகிற மும்முரத்தில் பன் வாங்கித் தின்ன நேரமில்லாமல் போனது. ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர். பன்னுவின் வயிறு ஒட்டியது. அவருடைய வேட்டியும் இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் வாங்கினார். செல்வகுமாரி நடையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

மூன்று மாசம் கழித்து டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். “ஆறு புள்ளி ஒன்பது. நல்லா நடந்தீங்க போல இருக்கு?”

“ஒரு அடி நடக்கலம்மா” என்றார் அரங்கநாதன், நிமிர்ந்து உட்கார்ந்து. வெளியே வந்ததும் மனைவியிடம், “பாத்தியா? நடக்காமலே கொறஞ்சுது” என்றார்.

“ஒங்க ஒடம்பு வாகு அப்படிங்க” என்றாள் அவள்.

இன்னும் ஐந்து மாசம் இப்படியே போனது. ஒரு நாள் ஊரில் ஆடு மாடுகளுக்கு ஊசி போட முகாம் நடந்தது. வந்தவர் அதே வில்லியனூர் டாக்டர். அரங்கநாதன் பன்னுவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெருமையாகக் காட்டினார்.

“நீங்க சொன்ன மாதிரியே சார். ரெண்டு வேளையும் புதுப் புல்லு. எட்டு மாசமா வண்டியிலயே ஏத்தல, தலைச்சுமைதான்.”

டாக்டர் முயலைத் தடவிக்கொண்டே கேட்டார். “ஏன், வண்டியில கொண்டாந்தா என்ன?”

“சூடு...”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. மொத்தமா அறுத்துக் காய வச்சுக் கட்டி வச்சுட்டா மாசக்கணக்குல குடுக்கலாமே. காஞ்ச புல்லுதான் இதுக்கு ரொம்ப நல்லது. அன்னைக்கே அம்மாகிட்ட சொன்னேனே.”

அரங்கநாதன் வீட்டுக்கு வந்தார். பன்னுவை இறக்கி விட்டார். செல்வகுமாரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“டாக்டரைப் பாத்தேன்.”

“இன்னா சொன்னாரு?”

“எல்லாம் சொன்னாரு.”

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஊசி போட்டாரா?”

“முயலுக்கு எதுக்கு ஊசி?”

“ஒங்களுக்குக் கேட்டேன்.”

அரங்கநாதன் கோபமாக அருவாளைக் கூரையில் செருகினார். இனி புல்லறுக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அதற்கும் அவள், “சரிங்க” என்றாள். சாயங்காலம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருகிய அருவாளை உருவிக்கொண்டு, தானே தெருவில் இறங்கினாள்.

தையலம்மாள் குரல் உள்ளே வரை கேட்டது. “இன்னா குமாரி, நீ போற? வூட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தான் இருக்காரு. உள்ள ஒக்காந்துகினு இருக்காரு.”

“அப்புறம் பொம்பளைய அனுப்பிட்டு இன்னா செய்யறாராம்?”

செல்வகுமாரி பதில் சொல்லவில்லை. சொல்லாததுதான் தாங்க முடியவில்லை. நாலாவது வீட்டருகே அரங்கநாதன் ஓடி வந்து அருவாளைப் பிடுங்கிக்கொண்டார். ஓடி வந்ததும் நடையில்தான் சேர்த்தி என்று அவள் கணக்கு வைத்திருப்பாள்.

இதுதான் அவர் சொன்ன கதை. விவரம் தெரிந்த பிறகும் ஒரு மனுஷன் ஏமாந்துகொண்டே இருப்பானா என்பதுதான் என் சங்கடம். போன மாசம் ஏரிக்கரையில் அவரைப் பார்த்தேன். ஆள் ஒல்லியாக, தெம்பாக இருந்தார். தலையில் ஒரு கட்டு, கையில் ஒரு கட்டு.

“இன்னிக்கு ரெண்டு கட்டு வேணுமாம். குமாரி சொல்லி அனுப்சா” என்றார், நிற்காமல்.

நானும் கூடவே பத்தடி நடந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன்.

“அண்ணே, அருளு கல்யாணமாகி ஓசூருக்குப் போறப்பவே பன்னுவையும் தூக்கிகினு போயிடுச்சு. ரெண்டு வருஷம் ஆவுது. இந்தப் புல்லு யாருக்கு?”