நாகவோகாவிலிருந்து வந்த பெட்டிக்கு நன்றி

அன்புள்ள நாத்தனார் ஷிகேனோவுக்கு,

மழைக்காலம் பிறந்து இங்கே ஸுகமோவில் மூன்று நாளாகத் துணி காயவில்லை. உங்கள் பக்கம் நாற்று நட்டு முடித்திருப்பீர்கள். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நானும் பேத்தி கொனொமியும் சுகம். இருபத்திரண்டு வருஷமாகப் புத்தாண்டு அட்டையில் இரண்டு வரிக்கு மேல் உனக்கு நான் எழுதியதில்லை. காரணம் உனக்குத் தெரியும். உன் அண்ணனின் ஏழாம் வருஷ நினைவு நாளில், பதினான்கு பேர் முன்னால் என் மிசோ சூப்பைக் குடித்துவிட்டு, "இது பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கேட்டாய். தூணிலிருந்து மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தாய். அதை இப்போது கிளறப் போவதில்லை, நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொலைபேசியில் அவசரத்தில் பாதிதான் சொன்னேன், முழுதும் கேள். கொனொமி உடுத்துவது நம் காலத்து உடை இல்லை. ஃபேரி கெய் என்று பெயர். வெளிர் ஊதாவில் வலைப்பாவாடை, புதினாப் பச்சையில் காலுறை, தலையில் ரோஸ் நிறத்தில் நாலைந்து ரிப்பன் முடிச்சு, அதிலெல்லாம் நம் பிள்ளைகள் சின்ன வயதில் விளையாடிய கரடியும் குதிரையும் பிளாஸ்டிக் தொலைபேசியும் தொங்கும். பார்த்தால் மிட்டாய்க் கடை எழுந்து நடப்பது போல இருக்கும். எங்கள் தெருவில் கிழவிகள் உடம்பைக் கதகதப்பாக வைக்கும் என்று சிவப்பு உள்ளாடை வாங்க வருவார்கள், அவர்களே நின்று பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ஜனவரியில் அவளுக்கு இருபது வயதுச் சடங்கு முடிந்ததா, அலமாரியில் ஒரு பெட்டி நிறையப் பழைய பொம்மையும் குழந்தைத்தனமான சட்டையும் இருந்ததா, இனி இவற்றுக்கு மரியாதையாக விடை கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்து, பொம்மைகளுக்கு நன்றி சொல்லி மந்திரம் ஓதி எரித்து அனுப்பும் கோயிலுக்கு நானே தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுத்து, ஊதுபத்தி ஏற்றி, ஒவ்வொரு கரடிக்கும் தனித்தனியாகத் தலைகுனிந்துவிட்டு வந்தேன். மனசு லேசாக இருந்தது.

மறுநாள் மாலை அவள் அலமாரியைத் திறந்தாள்.

"பாட்டி, என் பெட்டி எங்க?"

"நல்லபடியா வழியனுப்பிட்டேன்டி. அழாத, பூசாரி நல்லா ஓதினார்."

"அது என் சின்ன வயசுப் பொம்மை இல்ல பாட்டி. எட்டு மாசமா கடை கடையா ஏறி இறங்கிச் சேர்த்தது."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஹராஜுகுவில் அவள் வேலைக்குச் சேர ஆசைப்படும் ஒரு கடை இருக்கிறது. அவர்கள் படிப்புச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. இன்ன ஞாயிற்றுக்கிழமை நீயே சேர்த்த பழைய உருப்படிகளை உடுத்திக்கொண்டு வா, பார்க்கிறோம் என்பார்கள். அந்த ஞாயிற்றுக்குப் பதினாறு நாள் இருந்தது. நான் செருப்பைக் கூட மாற்றாமல் கோயிலுக்கு ஓடினேன்.

"காலையிலயே எரிச்சாச்சேம்மா. பேத்திகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் பூசாரி மனைவி.

"கேட்டா கொடுக்கமாட்டா. அதான் கேக்கல."

அவள் என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். துக்க வீட்டாருக்குக் கொடுக்கும் தேநீர்.

பதினோரு நாள் கொனொமி என்னோடு பேசவில்லை. திட்டவும் இல்லை, அதுதான் கஷ்டம். சோறு வைப்பாள், குளியல் தண்ணீரைச் சூடாக்குவாள், சொல்ல வேண்டியதைக் குளிர்பெட்டிக் கதவில் சீட்டாக ஒட்டுவாள். "மாத்திரை ரெண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம்." அத்தனை சீட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். இடையில் ஒரு நாள்தான் உன் நினைவு வந்தது. ஷிகேனோ எதையும் தூக்கிப்போட்டதில்லை, மகள் யுகாரி பிறந்தபோது கட்டின துணிகூட வைத்திருப்பாள் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். நீ என்ன பேசினாய் என்பது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"யாரு?"

"தொகியே பேசறேன்."

"யார் செத்தது?"

"யாரும் சாகல. யுகாரியோட பழைய சட்டையெல்லாம் இருக்கா?"

"இருக்கு. இரவல்தான், ஞாபகம் வச்சுக்க அண்ணி. ஒரு பொத்தான் குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்."

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. வீடே கற்பூர வாசம். மேகம் பின்னிய கம்பளிச் சட்டை, குதிரைக் கொண்டை ஊசிகள், ரோஸ் நிற முயல் பை, மேலே உன் கையெழுத்தில் இருபத்தாறு உருப்படிக்குப் பட்டியல். கொனொமி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். கடைசியில் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இந்த மேகமெல்லாம் அத்தைப் பாட்டி கையால பின்னினதா?" என்றாள். பதினோரு நாளுக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் வார்த்தை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஞாயிறன்று பச்சை ரயிலில் நானும் கூடப் போனேன், பை தூக்க. தெரு முழுக்க இவளைப் போலப் பிள்ளைகள். கடைக்காரப் பெண்ணுக்கு முடியே பஞ்சுமிட்டாய் நிறம். அந்தச் சட்டையை மூக்கருகே கொண்டுபோய்த் தையல் பார்த்தாள்.

"இது எங்க கிடைச்சது?"

"எங்க அத்தைப் பாட்டி பின்னினது. நாப்பது வருஷமா பத்திரமா வச்சிருந்தாங்க."

"அவங்களுக்கும் சேத்து வேலை இருக்குன்னு சொல்லு."

செவ்வாய், வியாழன், சனி என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். திரும்பும்போது வண்டியில் கொனொமி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கரடி ஒன்று என் காதைக் குத்திக்கொண்டே இருந்தது, நான் நகரவில்லை.

ஆகையால் ஷிகேனோ, சூப் விஷயத்தை இன்றோடு விட்டுவிட்டேன். மனதாரச் சொல்கிறேன். இருபத்தாறு உருப்படியும், எல்லாப் பொத்தானோடும், வெள்ளிக்கிழமை உனக்கு வந்து சேரும். உன் முழங்காலுக்குத் தெம்பும் யுகாரி குடும்பத்துக்கு நோய்நொடி இல்லாத வருஷமும் கிடைக்க புத்தர் மாடத்தில் தினமும் மணி அடிக்கிறேன்.

நன்றியுடன்,
உன் அண்ணி தொகியே

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை பெட்டி வராது. மேலே எழுதும்போது அனுப்பத்தான் நினைத்தேன். கொனொமி அந்தச் சட்டையோடு வேலைக்குக் கிளம்புவதை இப்போது வாசலில் நின்று பார்த்தேன், கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வேண்டுமானால் நீயே ரயில் ஏறி வந்து அவளிடம் கேள். மெத்தை விரித்து வைக்கிறேன். யுகாரி கல்யாணத்தன்று உன் வீட்டு மாடியில், மடக்கு மேசைக்குப் பின்னால், இதே அளவில் இன்னும் இரண்டு பெட்டி பார்த்தேன். வரும்போது அவற்றையும் எடுத்து வா.