பிரட்டைக் கலைத்த மூச்சு

பயந்த சுபாவக்காரிகளுக்கு யாரும் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கக் கூடாது. அதையும் நாங்கள் பயந்து பயந்துதான் செய்வோம்.

கஹவத்தையில் நான் முன்பள்ளி ஆசிரியை. ஒன்பது மாத மகன் கவினைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்காவிடம் விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். அவ்வளவுதான். மூன்று நாளாக முடியவில்லை. (முதல் நாள் அவன் தும்மினான். இரண்டாம் நாள் தும்மவில்லை. ஏன் தும்மவில்லை என்று கவலை.) "நாளைக்கும் வராட்டி வேற டீச்சரைப் போட்டுருவோம்" என்று பொறுப்பாளர் போனில் சொல்லிவிட்டார்.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் என் நாடியைப் பார்த்து, பயப்படாதே என்று சிங்களத்தில் சொல்லித் தட்டிக்கொடுத்து, பிராமரி என்ற மூச்சுப் பயிற்சியைக் கற்றுத்தந்தார். கண்ணை மூடி, கட்டைவிரல்களால் காதை அடைத்து, மூச்சை மெல்ல விட்டபடி வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்க வேண்டும். வெளிமூச்சு நீள நீள நெஞ்சுப் படபடப்பு குறையும். மனசும் பின்னாலேயே அடங்கும். வீட்டில் செய்து பார்த்தேன். உண்மைதான்.

நான்காம் நாள் கவினைக் கொடுத்ததும் திரும்ப வாங்கிவிடத் தோன்றியது. காம்பராவுக்குப் பின்னால் போய், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தகரச் சுவரில் சாய்ந்து ஆரம்பித்தேன். தகரமும் கூடவே அதிர்ந்தது. தோள் இறங்கியது. மண்டைக்குள் இதமான ஓர் அதிர்வு. ஐந்தாவது மூச்சில் உலகமே அமைதி.

சுவருக்கு அந்தப் பக்கம் பிரட்டு. வேலைக்குப் பெயர் கொடுக்கத் தோட்டமே நிற்கிறது. முந்தின வாரம்தான் மூன்று பேரைக் குளவி கொட்டியிருந்தது.

கண்ணைத் திறந்தால், கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சனம் ஓடுகிறது. "குளவி! குளவி! தலைய மூடுங்கடி!" கணக்கப்பிள்ளை ஐயா "தெபரு! துவன்ன!" என்று, குளவி, ஓடுங்கள் என்பதைச் சிங்களத்தில் கத்தியபடி, பெயர் பதியும் செக்ரோல் புத்தகத்தோடு ரோட்டோரக் கானுக்குள் பாய்ந்தார்.

நான் என்ன செய்தேன்? சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லாரையும் முந்தி ஓடி, நின்றிருந்த கஹவத்தை பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் ஷட்டரை மூடச் சொல்லிப் பறந்தார். இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் மடி காலியாக இருப்பது தெரிந்தது.

"அக்கா, புள்ள?" போனில் அழுதேவிட்டேன்.

"சன்னல் கதவெல்லாம் அடைச்சிட்டேன் டீச்சர். ஓடுறவங்கள கண்ணாடி வழியா பாத்து கெக்கேபிக்கேன்னு சிரிக்கிறான். ஆனா ஒரு குளவியக்கூட காணோங்க. சத்தம் மட்டுந்தான். அதுவும் நீங்க ஓடுனதும் நின்னுருச்சி."

என் இரண்டு கட்டைவிரல்களையும் பார்த்தேன். முன்பள்ளி வரும்வரை அவற்றைக் கைக்குள் மடக்கியே வைத்திருந்தேன்.

வேலை போகாமல் தப்பியது. சாயங்காலம் நடந்ததைக் கணவரிடம் சொன்னதுதான் தப்பு. "தன் சத்தத்துக்குத் தானே ஓடுன குளவி இது ஒண்ணுதாங்க" என்று வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் இன்றுவரை என்னைக் காட்டுகிறார்.

கதை காம்பரா வரைக்கும் போய்விட்டது. இப்போது கவினோடு சேர்த்து எல்லாப் பிள்ளைகளையும் 'ம்ம்ம்' போட்டுத்தான் செல்வி அக்கா தூங்கவைக்கிறார். அதற்கு முன் தினமும் வாசலுக்கு வந்து, கொழுந்து பறிக்கிற மலையைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்:

"நாங்கதாங்க! யாரும் ஓடிறாதீங்க!"