சம்பந்தி தலையில் வெயில் படாதிருக்க ஒரு மிஷின்

கரமனை,
பிரஜோற்பத்தி வருஷம், வைகாசி 17.

கல்லிடைக்குறிச்சி சம்பந்தி ஸ்ரீமான் நாகேஸ்வரய்யர் அவர்கள் சமூகத்துக்கு, பஞ்சாபகேசன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் சம்சாரம் பாகீரதியும் கல்யாணப் பெண் விஜயமும் சௌக்கியம். மூன்று வாரம் தெருவில் நின்றதில் நான் மட்டும் நன்றாகக் கறுத்திருக்கிறேன். முகூர்த்தத்தன்று அடையாளம் தெரியாவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மூத்த பெண் கல்யாணம் சித்திரைக் கடைசியில் நடந்தபோது, அந்தச் சம்பந்தியின் தலையில் மத்தியான வெயில் விழுந்து அவர் சாப்பிடாமலே எழுந்து போன கதை தங்கள் ஊர் வரைக்கும் வந்திருப்பதாகவும், தங்களுக்கு ஒற்றைத் தலைவலி உண்டென்றும், வைகாசி 24 முகூர்த்த நேரத்தில் தங்கள் சிரசில் ஒரு பொட்டு வெயில் பட்டாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு விஜயம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் மராமத்து இலாகாவில் முப்பது வருஷம் படம் வரைந்தவன் இதற்கெல்லாம் அசருவானா? எந்த மாசம், எந்த மணிக்கு, பந்தலில் எந்த இடத்தில் வெயில் விழும் என்று முன்கூட்டியே காட்டும் மிஷின் ஒன்றைச் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். கணக்குக்கு அடுத்தாத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வெங்கடகிருஷ்ணன், மரவேலைக்குத் தாணுலிங்கம் ஆசாரி, மூளைக்கு நான்.

ஒரு பலகையின்மேல் நம் கல்யாணப் பந்தலைக் குட்டியாக ஓலையில் கட்டி, அதன் மேலே வானத்துக்குப் பதில் ஒரு பிரம்பு வளையமும், வளையத்தில் சூரியனுக்குப் பதில் ஒரு மெழுகுவர்த்தியும் வைத்தோம். கைப்பிடியைச் சுற்றினால் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகும், வளையத்தை வடக்கும் தெற்குமாகத் தள்ளினால் மாசம் மாறும். முதல் நாள் பன்னிரண்டு மணிக்கு வந்ததும் சூரியன் சொட்டி, பந்தல் பற்றிக்கொண்டது. "கல்யாணத்துக்கு முன்னாடியே பந்தல எரிச்சாச்சா? போறும், கேட்டேளா, இந்தக் கூத்து போறும்!" என்று பாகீரதி ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். மறுநாள் டார்ச் விளக்கைக் கட்டினோம். அப்போதுதான் பெரிய தகராறு வந்தது: வைகாசி மத்தியானத்துக்கு வளையத்தைத் தள்ளினால் சூரியன் வடக்கே போய் நின்றது. "உச்சிச் சூரியன் தெக்கேதான் சாயும்னு பதினேழு வருஷமாப் பாடம் எடுக்கறேனாக்கும்! ஆசாரி தலைகீழா மாட்டியிருக்கான்" என்றார் வாத்தியார். "நீங்க போட்டுத் தந்த கணக்குக்குத்தான் நான் மாட்டினேன் சாமி. சூரியன் வடக்க போனா அதுக்கு ஆசாரியா பொறுப்பு?" என்று உளியை வீசிவிட்டுத் தாணுலிங்கம் புறப்பட்டுவிட்டான். கல்யாணப் பெண் வாசலுக்கு வரக்கூடாது என்று பாகீரதி கத்தக் கத்த, விஜயம் சரியாக உச்சி வேளையில் என் குடையைக் கொண்டுபோய் நடுத்தெருவில் நட்டாள். "நிழல் தெக்கே விழறதுப்பா. அப்போ சூரியன் எங்கே?" என்றாள். நிழல் கிட்டத்தட்ட ஒரு சாண் தெற்கேதான் விழுந்திருந்தது. வாத்தியாரின் புஸ்தகம் சீமையில் அவர்கள் ஊர்ச் சூரியனைப் பார்த்து எழுதியதாம்! மூத்தவள் கல்யாணத்தில் நான் தெற்குப் பக்கத்தைக் கெட்டியாக மூடி, காற்று வரட்டும் என்று வடக்கைத் திறந்து, அங்கேயே சம்பந்திக்கு நாற்காலியும் போட்டேன். பாவம், அந்த மனுஷர்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆசாரியைச் சமாதானப்படுத்தி அழைத்துவந்து, நிஜப் பந்தலில் வடக்குப் பக்கம் ஐந்து அடுக்கு ஓலை வேய்ந்தாயிற்று. மிஷினை இருபத்துநாலாம் தேதிக்கு வைத்து நாற்பது தடவை சுற்றிப் பார்த்தோம். தங்கள் நாற்காலியில் ஒரு எள்ளளவு வெளிச்சம்கூட விழவில்லை. ஆகையால் தாங்கள் தைரியமாக வந்து அமரலாம். சூரியனே நேரில் வந்து கேட்டாலும் தங்கள் சிரசைத் தொட முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு மங்களமும் தீர்க்காயுசும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
பஞ்சாபகேசன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன், எடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. தங்கள் பக்கத்து வைகாசி போல் அல்ல; இங்கே மாசப் பாதியில் வருஷம் தவறாமல் இந்த மழை வரும், வந்தால் லேசில் விடாது. இந்த ஊரிலேயே பிறந்து மிஷின் செய்த எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. மிஷின் சொல்வது நிஜம்தானா என்று சோதிக்கத் தங்கள் நாற்காலிக்கு நேர்மேலே கூரையில் ஒரு துவாரம் போட்டிருந்தோம். அதன் வழியாக இப்போது அருவி மாதிரி கொட்டுகிறது. அதை அடைக்க ஆசாரி மேலே ஏறியதில் துவாரம் பெரிதாகிவிட்டது. தங்கள் கடிதத்தைத் திரும்பவும் எடுத்து வாசித்தேன். அதில் வெயில் என்றுதான் கண்டிருக்கிறதே தவிர, மழையைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. விஜயம் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமாவுக்கு மழை பரவாயில்லையான்னு கேளுங்கோப்பா" என்கிறாள். பதிலைத் தந்தியில் தெரிவிக்கவும்.