அக்காவின் பசுவும் மிதந்த காந்தமும்

என் டைரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கீழ் இப்படி இருக்கிறது: “காலை 10.40: காந்தம் மிதந்தது. 11.55: அக்கா போன். இனி எதையும் விளக்குவதில்லை.” கடைசி வாக்கியத்தை நான் காப்பாற்றவில்லை (இதோ, விளக்கிக்கொண்டிருக்கிறேன்).

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. படித்ததெல்லாம் புரிந்துவிட்டதாக நினைக்கும் வயது. சில ஆக்சைடு பொருள்கள் குளிர்ந்தால் மின்சாரத்தைத் துளி இழப்பும் இல்லாமல் கடத்துகின்றன. அதற்குக் காரணம் என்ன என்று செஞ்சி வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டேன். புதுச்சேரியில் ஆய்வுக்கூடத்தில் இருந்த நண்பன் அந்தப் பொருளில் ஒரு கறுப்பு வில்லை கொடுத்தனுப்பினான். குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் வேண்டுமே? எங்கள் ஊரில் அது மாட்டுக்குச் சினை ஊசி போடும் முருகையன் அண்ணனிடம்தான் இருக்கும். விந்துக் குச்சிகளை அதில்தான் உறையவைத்திருப்பார்.

கேனோடு வந்தார். தெர்மகோல் கிண்ணத்தில் ஊற்றினார். புகை எழுந்தது, வில்லைக்கு மேலே காந்தம் அந்தரத்தில் நின்றது. கைதட்டல்.

“இதுக்குப் பேரு உயர் வெப்பநிலை மீக்கடத்தல்” என்றேன்.

“எவ்ளோ சூடுப்பா?” என்றார் முன்வரிசை மளிகைக்கடைக்காரர்.

“மைனஸ் நூத்தி எண்பது.”

“இதுவா சூடு!”

பழைய மீக்கடத்திகளோடு ஒப்பிட்டால் சூடுதான். சொல்லிப் பார்த்தேன், சிரிப்பு அடங்கவில்லை.

“சரி, இன்னாத்துக்கு இப்டி ஆவுது?” என்றார் முருகையன்.

தெரியாது என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன, சரி, சேர்த்துவைப்பது எது? கரும்பலகையில் மூன்று கொள்கைகளை வரைந்தேன். ஒவ்வொன்றும் முடிவதற்குள் வில்லை சூடேறிக் காந்தம் விழுந்தது. ஒவ்வொரு முறையும், “இன்னும் கொஞ்சம் ஊத்துண்ணே.”

போன் அடித்தது. சிங்கவரத்திலிருந்து அக்கா. அவர்கள் வீட்டின் ஒரே கறவைப் பசு. ஏற்கெனவே இரண்டு முறை சினை பிடிக்கவில்லை. “காலைலேர்ந்து கத்தினே இருக்குதுடா. ஊசிக்காரரு போனே எடுக்கல. எங்கனா பாத்தியா?” பசு அப்படிக் கத்துவது சினைப் பருவத்தில்; இந்தப் பருவமும் தவறினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

முருகையன் கேனுக்குள் எட்டிப் பார்த்தார். “யப்பா, அடி தெரியுது! இது தீந்தா குச்சியெல்லாம் கெட்டுடும்!”

பைக்கில் பறந்தோம். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“எங்கடா இருந்தீங்க?”

“ஒரு காரணத்த வெளக்கிட்டிருந்தேங்க்கா...”

“நீ காரணத்த சொல்லி முடிக்கறதுக்குள்ள, பக்கத்து ஊட்டுக் காளை கயித்த அறுத்துக்குனு வந்து காரியத்த முடிச்சிட்டுப் போயிட்டுது!”

எதற்கும் இருக்கட்டும் என்று முருகையன் மிச்சமிருந்த ஒரு குச்சியையும் போட்டார்.

பசு சினை பிடித்தது. பிறந்த கிடாரிதான் இன்று அக்கா வீட்டுக்குப் பால் கறக்கிறது. நான் எதையாவது விளக்கத் தொடங்கினால் அக்காவின் பிள்ளைகள்கூட, “மாமா, மொதல்ல மாட்டப் பாருங்க” என்கிறார்கள்.

அந்த ஆக்சைடுகளில் எலக்ட்ரான்களைச் சேர்த்துவைப்பது எது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. கிடாரியின் தகப்பன் காளையா, குச்சியா என்பதும் இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.