எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத ரேஸ் கார்

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. நான் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவள். ஒருமுறை மட்டும் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். எட்டு மாதம், நாளைக்கு நாலு தடவை வீதம், வீட்டில் இருப்பவர்களிடமும் வீட்டுக்கு வந்தவர்களிடமும், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடமும்கூட, சொல்லிக்கொண்டே இருந்தேன்: “இது பொம்மை இல்ல. கார்.”

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டு முன்னறையில் (அதாவது என் அப்பாவான நைனாவின் உர மூட்டைகளுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில்) உட்கார்ந்து ரேஸ் கார் செய்துகொண்டிருந்தேன். டிவியில் கொசு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வருமே, ஒரே ஒரு ஆள் உட்காரும் கார், அதேதான். நிஜக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒன்றரை அடி நீளம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். தரைக்கும் காருக்கும் நடுவில் ஒரு தோசையை நுழைக்கலாம், ஊத்தப்பம் நுழையாது. நிஜத்தில் எப்படியோ அப்படியே.

சாமான்கள் எல்லாம் வீட்டிலிருந்தே வந்தன. ரேடியேட்டர் வலைக்கு அம்மாவின் டீ வடிகட்டி போனது. (புது வடிகட்டி வரும்வரை எங்கள் வீட்டில் டீயை மென்று குடித்தோம்.) சீட் பெல்ட், அம்மாவின் புடவை ஃபால்ஸ். சஸ்பென்ஷன் கம்பிகள், நைனாவின் சைக்கிள் ஸ்போக்ஸ். சக்கரத்தின் உள்பகுதிக்கு, பள்ளிப்பட்டில் இருக்கும் அக்காள் வீட்டுக்காரர் தறிக்காரர்களிடம் கேட்டு பாபின் வாங்கிவந்து கொடுத்தார். அவரை நாங்கள் பாவா என்போம். குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற அந்தச் சின்ன லோடு வண்டியில் நூல் மூட்டை ஏற்றுகிறவர். வண்டி விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைக்கிறவர்.

பெயின்ட் அடித்த நாட்களில் நான் செய்த அக்கிரமத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தாளிக்கிற எண்ணெய்ப் புகை ஈரப் பெயின்டில் படிந்தால் பளபளப்பு போய்விடும் என்று எங்கோ படித்துவிட்டு, வீட்டில் தாளிப்பதற்கே தடை போட்டேன். பதினோரு நாள். கடுகு வெடிக்காத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நைனா தினமும் தாளிக்காத சாம்பாரைக் குனிந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கரும்புக் கொல்லைக்குப் போவார். பன்னிரண்டாம் நாள் அவர் தாளிப்புக் கரண்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாக அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். (அது கொஞ்சம் கூடுதல்.)

இத்தனை அட்டகாசத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. சென்னையில் மாதிரிகள் செய்கிற ஒரு பட்டறை. கட்டடம், கார், கப்பல் என்று எதைச் சொன்னாலும் சின்னதாகச் செய்து கொடுப்பார்கள். வேலைக்கு எழுதிப்போட்டேன். ‘உங்கள் கையால் செய்த ஒன்றை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்’ என்று பதில் வந்தது. அதற்கு முன்னால் நாலு கம்பெனியில் ‘தகவல் சொல்கிறோம்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஐந்தாவதும் போனால் மாமா பார்த்து வைத்திருந்த சோப்புக் கம்பெனியில் பேக்கிங் மேற்பார்வைக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆக, என் வாழ்க்கை முழுவதும் அந்த ஒன்றரை அடிக்குள்தான் இருந்தது.

புறப்படுகிற அன்று காலை, பழைய மிக்சி அட்டைப்பெட்டியில் காட்டன் புடவை விரித்து காரை வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் இறக்கிவிட பாவா வண்டியோடு வந்திருந்தார். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, கையில் தேங்காய், பூ, எலுமிச்சம்பழப் பையோடு வந்து நின்றாள். போகிற வழியில் மலையடிவாரத்துப் பிள்ளையார் கோயிலில் வண்டி பூஜை போட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் சைக்கிள் வாங்கினாலும் சரி, பொக்லைன் வாங்கினாலும் சரி, முதலில் அங்கேதான் போகும். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து ஏற்றி நசுக்கினால்தான் அது வண்டி.

“அம்மா, அது மாடல்மா. ரோட்ல ஓடாது” என்றேன்.

“எட்டு மாசமா நீதான சொல்லிக்கினு இருந்த, பொம்ம இல்ல, காரு காருன்னு? பொம்மன்னா எடுத்துக்கினு போ, நான் ஒண்ணும் கேக்கல. காருன்னா பூஜ போடாம ஊரத் தாண்டக் கூடாது.”

பாவா தலையை ஆட்டினார். அவர் ஒருமுறை பூஜை போடாமல் வண்டியை எடுத்து, பொன்பாடி தாண்டுவதற்குள் இரண்டு டயர் பஞ்சரானதை விளக்கமாகச் சொன்னார்.

இந்த இடத்தில் நான் ‘ஆமா, பொம்மைதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வாய்வரை வந்தது. டீ வடிகட்டி ஞாபகம் வந்தது, ஸ்போக்ஸ் ஞாபகம் வந்தது, பதினோரு நாள் சாம்பார் ஞாபகம் வந்தது. என் திமிர் விடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

கோயில் வாசலில் எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் மாமனார் வாங்கிக் கொடுத்த பைக்கோடு ஒரு புதுமாப்பிள்ளை. குருக்கள் டிராக்டரை முடித்துவிட்டு வந்து, “எங்கம்மா வண்டி?” என்றார். அம்மா அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். பிறகு, நாலு சக்கரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றோம். அப்படியென்றால் கார் பூஜைதான் என்று சொல்லி, பெயர், நட்சத்திரம் கேட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். தொழிலில் அப்படி ஒரு சிரத்தை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

காரின் மூக்கில் சந்தனம், குங்குமம். பின்னால் சாமந்திப்பூ. தேங்காய் உடைந்தது, கற்பூரம் சுற்றியாயிற்று. கடைசியாக எலுமிச்சம்பழம்.

அது எங்கள் தோட்டத்துப் பழம். சாத்துக்குடிக்குத் தம்பி மாதிரி இருக்கும். என் காரின் சக்கரமோ டீ கிளாஸின் வாய் அளவு. முன் சக்கரத்துக்கும் அதற்கு முன்னால் தரையை ஒட்டி நீண்டிருக்கும் இறக்கைக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு பழமாகச் செருகியபோது, கார் மலையடிவாரத்தில் நிற்பதுபோல் நின்றது.

தள்ளினேன். ஏறவில்லை. பழம் உருண்டால் சகுனம் சரியில்லை, நசுங்க வேண்டும் என்றார் குருக்கள். டிராக்டர்காரர் கொஞ்சம் பின்னால் இழுத்து வேகமாக விடச் சொன்னார். புதுமாப்பிள்ளை, கியரில் இருக்கிறதா பாருங்கள் என்றார். நான் பழத்தில் கத்தியால் லேசாகக் கீறிவிடலாமா என்று யோசிப்பதற்குள் பாவா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். “நீ நவுரு புவனா. வண்டி தள்றது எனக்குத் தெரியாதா” என்று, ஸ்டார்ட் ஆகாத குட்டி யானையைத் தள்ளுகிற அதே தோரணையில், உள்ளங்கையைப் பின்பக்கம் வைத்து ஒரே தள்ளு.

இடது பழம் முன்னால் நகர்ந்து இறக்கையை அடியோடு பெயர்த்தது. வலது பழத்தின் மேல் சக்கரம் பாதி ஏறி, அங்கேயே ஸ்போக்ஸ் வளைந்து, சக்கரம் தனியாகக் கழன்று, உருண்டு போய் டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டது. பழங்களில் ஒரு கீறல்கூட இல்லை.

நான் அழுதேன். நாசூக்காக எல்லாம் இல்லை. நடுரோட்டில், மூக்கு ஒழுக, அம்மாவைப் பார்த்து, “எல்லாம் உன்னாலதான்” என்று சொன்னேன். அவள் குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். கடுகளவு இருந்த ஒரு ஆணியைக்கூட விடவில்லை. டிராக்டருக்கு அடியில் புகுந்து சக்கரத்தையும் எடுத்து வந்தாள். பிறகு நிமிர்ந்து, “நட, ரயிலு வர்ற நேரம். நானும் வரேன்” என்றாள்.

ஆக, வேலைக்கான நேர்காணலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையில் ஒரு ட்யூப் பசை இருந்தது, தொட்ட நொடியில் பிடித்துக்கொள்கிற வகை. அம்மா முந்தானையிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுக்க, நான் ஒட்டிக்கொண்டே வந்தேன். அரக்கோணம் வருவதற்குள் சக்கரம் ஒட்டிக்கொண்டது. மணவூரில் சிக்னலுக்காக ரயில் கொஞ்ச நேரம் நிற்க, அந்த நேரத்தில் இறக்கையை நேர்பார்த்துப் பிடித்தேன். ரயில் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. இறக்கை கச்சிதமாக உட்கார்ந்தது. கூடவே என் இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்.

அம்மா பிரசாதத் தேங்காயைத் தேய்த்துப் பார்த்தாள். எதிர் சீட்டில் இருந்த பெண்மணி எச்சில் தொட்டு இழுக்கச் சொன்னார். திருவள்ளூர் தாண்டியும் விரல் வரவில்லை. இழுத்தால் இறக்கை வரும், அல்லது என் தோல் வரும். தோல் வந்தால் பரவாயில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

பட்டறையின் முதலாளி, கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுக்காரர், எழுந்து வரவேற்றார். நான் ஒரு ரேஸ் காரை இடுப்புக் குழந்தையாக ஏந்திக்கொண்டு நின்றேன். பின்னால் என் பை, சர்டிபிகேட், தேங்காய் மூடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அம்மா. காரை மேஜையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். கூடவே நானும் குனிய வேண்டியிருந்தது. காரின் மூக்கில் இருந்த சந்தனப் பொட்டைக் காட்டி, இது எந்தக் கம்பெனி விளம்பரம் என்று கேட்டார்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. (பசை இல்லாமலே.) அம்மாதான் பேசினாள்.

“இது பொம்ம இல்லீங்க, காரு. ஸ்டேரிங்க திருப்புனா சக்கரம் திரும்பும். இந்த வலை இருக்குது பாருங்க, என் டீ வடிகட்டி. இந்த பெல்ட்டு என் பொடவ ஃபால்ஸு. பன்னெண்டுல ஒரு பங்குங்க, எங்க அளந்தாலும் சரியா இருக்கும். இன்னிக்கு காலைல வரைக்கும் நல்லா இருந்துது. நான்தான் பூஜ போட இட்டுக்கினு போயி கெடுத்துட்டேன்.”

எட்டு மாதம் நான் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். அவள் அத்தனையும் கேட்டு வைத்திருந்தாள். காலையில் ரோட்டில் அவளிடம் சொன்ன வார்த்தைக்காக, அந்தக் குனிந்த நிலையிலேயே வெட்கப்பட்டேன்.

முதலாளி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, பஞ்சில் நனைத்து, என் விரலோரம் வைத்தார். அது அங்கே எப்போதும் தயாராக இருக்குமாம். மாதத்துக்கு ஒரு ஆளாவது எதோடாவது ஒட்டிக்கொள்வார்களாம். விரல் வந்ததும், அவர் இறக்கையைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“இத எங்க உக்காந்து ஒட்டினீங்க?”

“ரயில்லங்க சார்.”

“ஓடுற ரயில்லயா?”

“மணவூர்ல கொஞ்ச நேரம் நின்னுதுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு உள்ளே ஒரு அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். லாரியில் போகும்போது உடைந்தவை, கண்காட்சியில் குழந்தைகள் உடைத்தவை, அமைச்சர் தொட்டுப் பார்த்து உடைந்தவை என்று அலமாரி நிறைய ஊனமான கட்டடங்களும் கப்பல்களும். புதிதாகச் செய்ய அவரிடம் ஆள் இருக்கிறார்கள், உடைந்ததைத் திரும்ப நிற்க வைக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை என்றார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். ஆறு வருஷமாக அந்த அறைதான் என் அறை.

திரும்பும்போது ரயில் மணவூரில் நின்றது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: “காரு பூரா சின்னதா பண்ணியே, பழத்தையும் சின்னதா பண்ணணும்னு உனக்குத் தோணலியா?”

இன்ஜினியரிங் படித்த எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்தக் காரியத்தில் சொதப்பினாலும், ‘பழத்தச் சின்னதா பண்ண மறந்துட்டியா’ என்பதுதான் கேள்வி. பட்டறையிலிருந்து வேலைக்காக நான் எந்தக் குட்டி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும், திரும்பப் போகும்போது அம்மா வாசலில் பூஜை போடாமல் விடுவதில்லை. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் இல்லை, நாலு சுண்டைக்காய். பாவா ஒற்றை விரலால் தள்ளுவார். ‘டப்’ என்று நசுங்கும். எல்லோரும் கைதட்டுவார்கள்.

போன மாதம் ஒரு குட்டி பஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு என்று துல்லியமாகப் பார்த்தால் சுண்டைக்காய் பெரிது, மணத்தக்காளிப் பழம்தான் சரி என்றேன்.

“ஒரு பொம்மைக்கு இம்மாம் கணக்கா?” என்றாள் அம்மா.

நைனா, அக்காள், பாவா எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘பொம்மை இல்ல, பஸ்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பஸ்ஸை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டேன்.