பார்க் ரேடியோவும் சரிபாதியும்

உலகத்தில் எந்தக் கட்சியையும் சேராத மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் பெங்களூர் கன்டோன்மென்டில் பிறந்தார். பிரேசர் டவுன் பக்கம் ஒரு முனிசிபல் பார்க்கில் ரேடியோ போடுவது அவர் வேலை. அவரை நாங்கள் எல்லோரும் சரிபாதி என்றுதான் கூப்பிட்டோம். நிஜப் பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதே முனிசிபல் ஆபீசில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய நான் மாதா மாதம் அதைப் பார்த்திருக்கிறேன். இங்கே சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவருடைய அப்பா மாரியம்மன் கோவில், அம்மா மாதா கோவில். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிப் பூசை கேட்டுவிட்டு எழுந்து, மீதி நேரத்துக்கு அம்மன் சன்னிதிக்கு ஓடுவார். பாதிரியாருக்கும் பூசாரிக்கும் அவர் மேல் ஒரே அளவு கோபம். அதில் அவருக்குப் பரம திருப்தி.

எங்கள் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு நாவிதர்கள் கடை வைத்திருந்தார்கள். இருவரும் அவருக்குச் சினேகிதர்கள். ஒருவரிடம் போனால் மற்றவர் மனம் நோகுமே என்று வலது பாதித் தலையை ஒரு கடையில் வெட்டிக்கொண்டு, கழுத்தில் துண்டோடு தெருவைக் கடந்து, இடது பாதியை எதிர்க் கடையில் கொடுப்பார். முதல் நாவிதர் ஒட்ட வெட்டுகிறவர். இரண்டாமவர் சுருள் விட்டு வாருகிறவர். அதனால் சரிபாதியை வலப்பக்கமாகப் பார்த்தால் பட்டாளத்துக்காரர், இடப்பக்கமாகப் பார்த்தால் நாடகக்காரர். நேருக்கு நேர் பார்த்தவர்கள் கொஞ்சம் தடுமாறினார்கள்.

புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்க்க அவரைக் கூப்பிட்டால், இருவரையும் ஒரே அளவு திட்டுவார். உடனே அவர்கள் இருவரும் ஒன்று சேர்ந்து அவரைத் திட்டுவார்கள். சண்டை தீர்ந்துவிடும். இந்த வைத்தியம் ஒருமுறை கூடத் தவறியதில்லை.

அப்போது யுத்த காலம். வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் முனிசிபாலிடி பார்க் நடுவில் ஓர் ஓட்டுக் கட்டிடம் எழுப்பி, முன்னறையில் ரேடியோவைப் பூட்டி வைத்து, வெளியே கம்பத்தில் பெரிய ஹாரன் ஒன்றை மாட்டியிருந்தது. பின்னறை சரிபாதிக்குக் குடியிருக்க. சாயங்காலம் செய்தி போடுவதும், பார்க் மூடும்போது மணி அடிப்பதும் அவர் பொறுப்பு. ஹாரன் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கணீரென்று கேட்கும். முதுகுப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு யாரோ தொண்டையைக் கனைப்பது போலத்தான் இருக்கும்.

பார்க்கின் மேற்கு வாசல் பக்கம் பென்ஷன்காரர்களின் பெஞ்சுகள். அங்கே ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர்தான் தலைவர். சர்க்கார் சொன்னால் அது வேதம் என்பது அவருடைய கட்சி. கிழக்கு வாசல் பக்கம் மார்க்கெட் ஜனங்கள்: தையற்காரர்கள், கசாப்புக் கடைக்காரர்கள், கொத்தனார்கள். அவர்களுக்குத் தலைவர் பேக்கரி பாய். வெள்ளைக்காரன் வாயில் உண்மையே வராது என்பது அவருடைய கட்சி. அவர் சுட்ட ரொட்டியில் முக்கால்வாசி வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அது வேறு விஷயம்.

ஹாரன் ஆரம்பத்திலிருந்தே மேற்கைப் பார்த்திருந்தது. ஒருநாள் பாய் வந்து சரிபாதியைப் பிடித்துக்கொண்டார்.

"அரே பாபு, ஒங்க ரேடியோ பென்ஷன் சாருங்க மூஞ்சியே பாத்துக்கினு பேசுது. நாங்க இன்னா, முனிசிபாலிடிக்கு வரி கட்டலயா? எங்களுக்கு இன்னா முதுகா?"

சரிபாதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே கம்பத்தில் ஒரு கைப்பிடியைப் பொருத்தினார். அன்று முதல் செய்தி பாதி ஆனதும் பார்க் மணியை ஒரு அடி அடிப்பார். ஹாரனைக் கைப்பிடியால் கிழக்கே திருப்புவார். மேற்குக்கு முன்பாதி, கிழக்குக்குப் பின்பாதி. இதைவிட நியாயம் உண்டா?

ஆனால் அந்தக் காலத்துச் செய்திக்கு ஒரு சுபாவம் இருந்தது. முதலில் நம் படைகளின் வெற்றிகளைச் சொல்லுவார்கள். கடைசியில், எங்கெங்கே நம் படைகள் திட்டமிட்டபடி பின்வாங்கின என்பதை மெல்லிய குரலில் சொல்லுவார்கள். ஆகவே மேற்குப் பெஞ்சுகளுக்குத் தினமும் வெற்றி. கிழக்குப் பெஞ்சுகளுக்குத் தினமும் தோல்வி. இரண்டு பக்கமும் மகிழ்ந்து போயிற்று. ரேடியோ இப்போதுதான் ஓரவஞ்சனை இல்லாமல் பேசுகிறது என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னார். அதையே அந்தப் பக்கம் பாயும் சொன்னார்.

இரண்டு மாதம் இப்படி நடந்தது. பிறகு ஒருநாள் போஸ்ட்மாஸ்டரும் பாயும் ஒரே நாவிதர் கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மாட்டிக்கொண்டார்கள்.

"கிறிஸ்மஸுக்குள்ள யுத்தம் முடிஞ்சிடும் பாய். எதிரி ஓட்டம் பிடிக்கறான். நேத்து ரேடியோவுலயே சொன்னானே," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"எந்த ரேடியோ சார்? நம்ப பார்க் ரேடியோவா? நேத்து நம்பாளுங்கதான் பின்னால போறாங்கோன்னு சாஃபா சொன்னானே," என்றார் பாய்.

பாதி சவரத்தோடு இருவரும் சோப்பு நுரை காயுமுன் பார்க்குக்கு வந்து சேர்ந்தார்கள். சரிபாதி அசரவில்லை.

"ரெண்டும் நெஜந்தான் சார். ஆளுக்குப் பாதி," என்றார்.

பஞ்சாயத்து முடிந்து புது ஏற்பாடு வந்தது. ஒருநாள் மேற்குக்கு முன்பாதி, மறுநாள் கிழக்குக்கு முன்பாதி. அதன் பிறகு போஸ்ட்மாஸ்டர் திங்கட்கிழமை மைசூர்பாகு விநியோகம் செய்வார். செவ்வாய்க்கிழமை தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பாய்க்கும் இதே ஜுரம் நாள் மாற்றி நாள் வந்தது.

இந்த நேரத்தில்தான் எங்கள் முனிசிபல் பிரசிடெண்டுக்கு ராவ் பகதூர் பட்டத்தின் மேல் ஆசை பிறந்தது. பட்டம் வேண்டுமென்றால் வெள்ளைக்காரர்கள் மனம் குளிர வேண்டும். மனம் குளிர ஒரு சிலை வேண்டும். யாருக்கு வைக்கலாம் என்று யோசித்துப் பிளேக் துரையைப் பிடித்தார்.

பிளேக் துரை என்பவர் எலிகளால் பரவிய அந்தப் பழைய கொள்ளைநோய்க் காலத்தில் கன்டோன்மென்டில் சுகாதார அதிகாரியாக இருந்தவர். மேற்குப் பெஞ்சுகளைக் கேட்டால், நெருக்கடிச் சந்துகளை ஒழித்து அகலத் தெருவும் சாக்கடையும் தந்த தெய்வம் என்பார்கள். கிழக்குப் பெஞ்சுகளைக் கேட்டால், எலி செத்த வீட்டையெல்லாம் கூரையைப் பிரித்துப்போட்டு, குடும்பம் குடும்பமாகக் கூடாரத்துக்குத் துரத்திய பாவி என்பார்கள். பார்க்கில் அவருக்கு மார்பளவுச் சிலை என்று கேள்விப்பட்டதும் பாய் கடையில் அன்று ரொட்டி கருகிப்போயிற்று.

பிரசிடெண்டின் ஏற்பாடு பலமாக இருந்தது. சிலை திறக்கும் அதே சாயங்காலம் ரேடியோவில் ஒரு பெரிய மனிதர் துரையின் புகழைத் தமிழில் பேசுவார். அதைப் பார்க்கில் எல்லோரும் கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் திரை விலகும். சரிபாதி ஆபீசுக்கே வந்து பிரசிடெண்ட் முன்னால் நின்றார்.

"பேச்சு முடிஞ்சதும் கூர பிரிச்ச கதையையும் யாராவது சொல்லணுங்க. இல்லாட்டி அது பாதிப் பேச்சுங்க."

"சிலை தெறக்கற எடத்துல எவனாவது வசவு படிப்பானாய்யா?"

"நான் படிக்கறேங்க."

பிரசிடெண்ட் என் பக்கம் திரும்பினார். "இந்த ஆளுக்கு ஆர்டர் எழுதுய்யா. அன்னிக்கு ஹாரன் மேல கை வெச்சான்னா வேலை கெடையாது. ரூமையும் காலி பண்ணணும்."

ஆர்டரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற புண்ணியமும் எனக்கே கிடைத்தது. சரிபாதி பின்னறையில் ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்தார். காபி போட்டு எனக்குப் பாதி ஊற்றினார். யார் வந்தாலும் பாதிதான்.

"எனக்கு அப்ப அஞ்சு வயசு சார். நீலசந்திராவுல எங்கப்பா கூலி வேல பாத்துக் கட்டுன வீடு. எலி ஒண்ணு செத்து வுழுந்துது. தொர குதிர மேல குந்திக்கினு கைய காட்டுனான். சாயங்காலம் கூர இல்ல. எங்கம்மா அடுப்பு மேல மழ பெய்யுது. எங்கள டெண்ட்டுக்கு ஓட்டினு போனாங்கோ. அப்பா அங்கயே போய்ட்டாரு."

"அப்ப உங்களுக்கு அவர் மேல கோவம் இருக்கத்தான செய்யும்?"

"இருக்குது. ஆனா அதே டெண்ட்டுல அதே தொர எனக்குத் தன் கையால ஊசி போட்டான். நான் அலறுனேன்னு பாக்கெட்லேர்ந்து பெப்பர்மிட்டு எடுத்துக் குடுத்தான். ஊசி போட்டுக்கினதாலதான் நான் பொழச்சேன். என் கூர போனதும் அவனால, என் உசுரு இருக்கறதும் அவனால. நான் எந்தப் பக்கம் குந்தறது, சொல்லுங்க."

நான் காபியைக் குடித்தேன். பிறகு, பேசாமல் ஒருநாள் மட்டும் வாயை மூடிக்கொண்டிரும், இந்த வேலை போனால் எங்கே போவீர் என்று கேட்டேன்.

அவர் மேலே ஓட்டைப் பார்த்தார். "அதுக்கப்புறம் என் தல மேல ஒரு ஓடு வந்தது இந்த ரூம்புலதான் சார். போனா தெருவுதான்," என்றார். அன்று எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு தெரிந்த மனிதர் கொஞ்சம் வளைந்து போனால் என்ன என்று இருந்தது.

விழா நாள் வந்தது. ஹாரனை மேற்குப் பக்கம் பார்க்க வைத்து, கைப்பிடியைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். மேற்கே குஷன் நாற்காலிகளில் துரைமார்கள், பென்ஷன்காரர்கள், நடு மேடையில் பிரசிடெண்ட். கிழக்கே பாயின் ஜனங்கள் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் பெரிய மனிதர் பேச ஆரம்பித்தார். சரிபாதி கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றார். எனக்கு மூச்சு வந்தது.

பேச்சு பாதி ஆயிற்று. சரிபாதி நடந்து போய் மணியை ஒரு அடி அடித்தார்.

அவ்வளவுதான். கிழக்குப் பக்கம் மொத்தமும் எழுந்தது. ஹாரன் தங்கள் பக்கம் வராது என்று தெரிந்ததும், பாய் முன்னால் நடக்க, எல்லோரும் மேற்கே வந்து குஷன் நாற்காலிகளின் எதிரில் மரியாதையாக நின்றார்கள்.

"எழுந்திரிங்க சார். பாதி எங்களுது," என்றார் பாய்.

போஸ்ட்மாஸ்டர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். நாற்பது வருஷம் தபாலை நேரத்துக்குப் பட்டுவாடா செய்த மனிதர். "ஆமா, பாதி ஆச்சு," என்று எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் பென்ஷன் பெஞ்சு முழுவதும் பழக்க தோஷத்தில் எழுந்தது. அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று துரைமார்களும் எழுந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். மேடையிலிருந்து பிரசிடெண்ட், "உக்காருங்க, சும்னே உக்காருங்க," என்று தமிழும் கன்னடமுமாகக் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

கிழக்கே வந்தவர்களுக்கு ரேடியோ கனைப்புதான். அங்கே சரிபாதி ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றார். எலியில் ஆரம்பித்து, கூரை, மழை, டெண்ட், அப்பா, ஊசி, பெப்பர்மிட்டு வரைக்கும் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். போஸ்ட்மாஸ்டர் மப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேற்கே குஷன் நாற்காலியில் உட்கார்ந்த பாய்க்கு ரேடியோ கணீரென்று கேட்டது. பிளேக் துரை ஊருக்குள் பங்களாவில் படுக்காமல் அந்தக் கூடாரங்களிலேயே படுத்தார் என்றும், அதே காய்ச்சல் கண்டு அங்கேயே செத்தார் என்றும் பெரிய மனிதர் சொன்னார். இதைப் பாய் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. "பாவம்பா," என்று மட்டும் சொன்னார். திரையைப் பிரசிடெண்ட் கோபத்தில் தானே பிடுங்கி எறிந்தார். கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

"ஹாரன்ல கை வெக்கலீங்க. மணிலதான் வெச்சேன்," என்றார் சரிபாதி. எடுபடவில்லை. மறுநாள் அவருடைய ஸ்டவ்வும் டிரங்குப் பெட்டியும் பார்க்குக்கு வெளியே மழையில் நனைந்தன. பாயும் போஸ்ட்மாஸ்டரும் ஒரே நேரத்தில் குடையோடு வந்து, தங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று இழுத்தார்கள். கேட்பானேன். வாரத்தில் பாதி நாள் பேக்கரி மாவு மூட்டைகளுக்கு நடுவில், பாதி நாள் போஸ்ட்மாஸ்டரின் பழைய லாயத்தில் படுத்தார். மாவு வாசனையையும் குதிரை வாசனையையும் சமமாகத்தான் சுமந்தார்.

பத்து நாள் பொறுத்துவிட்டு இரண்டு கட்சியும் முதன்முறையாகச் சேர்ந்து ஆபீசுக்கு வந்தன. பிரசிடெண்ட் அரண்டு போய்விட்டார்.

"அந்த ஆளு ஒங்க ரெண்டு பேருக்குமே எதிரிதானேய்யா?"

"அதான் சாமி விஷயம்," என்றார் பாய். "எங்களுக்கும் எதிரி, அவங்களுக்கும் எதிரி. இப்டி ஆளு இன்னொருத்தன் எங்க கெடைப்பான்?"

வேலையும் ஓடும் திரும்பக் கிடைத்தன. பட்டம் மட்டும் கடைசிவரை வரவில்லை. கொஞ்ச நாளில் சிலைப் பீடத்தின் கிழக்குப் பக்கத்தில் கூரையில்லாத சின்ன வீடு ஒன்றை யாரோ உளியால் செதுக்கியிருப்பது தெரிய வந்தது. விசாரிக்கும்படி எனக்கு உத்தரவு. கொத்தனார்கள் மத்தியில் மும்முரமாக விசாரித்தேன். டீ நன்றாக இருந்தது. வேறொன்றும் கண்டுபிடிக்கவில்லை.

சரிபாதி என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தார். "நான் போனப்புறம் கூட்டம் போட்டு எவனாவது என்னைப் புகழ்ந்தா, நீங்க எழுந்து மீதிப் பாதிய சொல்லணும் சார்," என்று. யுத்தம் முடிந்து சில வருஷங்களில் அந்தக் கூட்டமும் வந்தது. அதே பார்க், அதே பெஞ்சுகள். போஸ்ட்மாஸ்டர் புகழ்ந்தார், பாய் புகழ்ந்தார். யாரோ மணியை ஒரு அடி அடித்தார்கள். நான் எழுந்தேன்.

பிடிவாதக்காரர் என்றேன். பெரியவர்களுக்கு அடங்காதவர் என்றேன். முழுசாக ஒரு தம்ளர் காபி எவனுக்கும் கொடுத்ததில்லை என்றேன். பாதியிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தது.

அன்று பாக்கி வைத்த பாதியை இன்று இங்கே எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். தராசு ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அவர் இருந்தால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். அந்த ஒரு மனிதர் விஷயத்தில் மட்டும் நான் ஒரு பக்கம்தான்.